இலவசக் காவலாளிக்குச் சம்பளம் தருவது யார்?

பெங்களூர் அல்சூரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம், கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் மடிக்கணினியைத் துணிப்பையில் கொண்டுவந்தார். "தம்பி, கணக்கு எழுதும் டாலி மென்பொருள் திறக்கவே நான்கு நிமிடம் ஆகிறது. டிஸ்க் போய்விட்டதா, பார்" என்றார்.

இயக்கியதுமே விசிறி மாவு மில் போல இரைந்தது. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், மூன்று ஆன்டிவைரஸ்களின் சின்னங்கள். ஒன்று பேரன் போட்டது. இன்னொன்று எஸ்.பி. ரோட்டில் கணினி வாங்கியபோதே இருந்தது. மூன்றாவது, "உங்கள் கணினியில் 312 வைரஸ்கள்" என்று ஏதோ ஒரு இணையப்பக்கம் பயமுறுத்தியபோது அவரே இறக்கிக்கொண்டது. "எல்லாம் இலவசம்தானே? மூன்று இருந்தால் கூடுதல் பாதுகாப்புதானே?"

ஒரே வாசலில் மூன்று காவலாளிகள் நின்றால் வீட்டுக்காரரே உள்ளே போக முடியாது. கோப்பு ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் ஆன்டிவைரஸ் குறுக்கே வந்து சோதிக்கிறது. இரண்டு இருந்தால் சோதனையும் இரண்டு. ஒன்று செய்யும் வேலையை மற்றது சந்தேகப்படுவதும் உண்டு. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வெளியிலிருந்து முறையான ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த இருவர் ஒருவருக்கொருவர் அப்படி வழிவிடுவதில்லை.

கணினியோடு ஆன்டிவைரஸ் பொருந்துவது என்பது வேகத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2018 ஜனவரியில், கணினிச் சில்லுகளில் இருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டபோது, சில ஆன்டிவைரஸ்கள் இயங்குதளத்தின் கருவுக்குள் அனுமதியில்லாத வழியில் கை நுழைத்திருந்ததால் கணினிகள் நீலத்திரையில் நின்றன. ஆகவே, 'நான் பொருந்துவேன்' என்று ஆன்டிவைரஸ், விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறி வைக்கும்வரை அந்தக் கணினிக்கு விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தங்களே நிறுத்திவைக்கப்பட்டன. காவலுக்கு வைத்ததே மருந்தைத் தடுத்த கதை.

நம்பகத்தன்மைக்கு வருவோம். இலவசம் என்றாலே மோசடி என்பவன் நானில்லை. கட்டணப் பதிப்பை விற்பதற்காக முன்னால் வைக்கும் மாதிரிச் சரக்காக இருந்தால் தாராளமாக வாங்கலாம். வேறெங்கிருந்து பணம் வருகிறது என்பதுதான் கேள்வி. இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் தன் துணைநிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது 2020-இல் அம்பலமாகி, ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. கோடிக்கணக்கானோர் நம்பிய பெயர் அது.

நான் பார்ப்பவை சிலதான். ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக்கூடங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? அதில் பிடித்த எண்ணிக்கையைவிட, நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகக் குற்றம்சாட்டிய எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன்; கணக்கு எழுதுபவருக்கு அதுதான் வினை. பிறகு, நிறுவும் கோப்பை யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம். அது கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 2017-இல், கணினியில் சேரும் குப்பையை அகற்றும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு முறையான கையொப்பத்தோடும் உள்ளே தீநிரலோடும் வெளிவந்தது. சந்தேகமான கோப்பை, பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். வாடிக்கையாளரின் பான் கார்டு நகலை அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றியது பிறர் கைக்கும் போகும். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசமாகத் தரும் துப்புரவுக் கருவிகளும் இருக்கின்றன.

பெரியவருக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று நோட்பேடில் ஐகார் சோதனை வரியை ஒட்டினேன். 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது, ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்கவே உருவாக்கப்பட்டது. சேமித்த கணத்தில் முதல் இரண்டும் மாறி மாறி அலறின. மூன்றாவதை மீண்டும் தேடச் சொன்னேன். பச்சைக் கோடு நிதானமாக ஓடி முடிந்து, அதே 312-ஐக் காட்டியது. 313 ஆகவில்லை.

"அடப்பாவி" என்றார் பெரியவர்.

மூன்றாவதைத்தான் முதலில் களைந்தேன். மற்ற இரண்டையும் அந்தந்த நிறுவனங்களே தரும் நீக்கும் கருவியைக் கொண்டு வேரோடு எடுத்தேன்; சாதாரணமாக நீக்கினால் மிச்சம் தங்கிவிடும். டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. விண்டோஸ் இயங்கும் முன்பே தேடும் ஆஃப்லைன் சோதனையை அதை வைத்தே ஓட்டினேன். அந்த மூன்றாவது எதையெல்லாம் பார்த்ததோ என்று, வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து அன்றே மாற்றச் சொன்னேன்.

டாலி அரை நிமிடத்துக்குள் திறந்தது. பையை மடித்துக்கொண்டே, "உன் கூலி எவ்வளவு?" என்றார். முந்நூறு என்றேன். எண்ணி வைத்தவர், "நீ இலவசம் என்று சொல்லியிருந்தால்தான் பயந்திருப்பேன்" என்றார்.