ஏற்காடு ஏரிப் படமும் பனியாற்றுக் கழியும்

கோடை முடிவில் ஏற்காடு ஏரியை ஒரு படம் எடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அதே கரையில் நின்று இன்னொன்று எடுங்கள். ஆண்டுகளை மாற்றி எழுதி இரண்டையும் ஒட்டினால், ஏரி செத்தது என்றும் காட்டலாம், பிழைத்தது என்றும் காட்டலாம். இமயமலைப் பனியாறுகளை, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்களைப் பற்றி எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் ‘அன்றும் இன்றும்’ படங்களில் பல இந்த ரகம். எந்த மாதம் எடுத்தது என்ற குறிப்பே இருக்காது.

நான் நில அளவையாளன். காவிரிக்குப் பனியாறு கிடையாது, மேட்டூருக்கு மழைதான் கதி. ஆனாலும் இந்தச் சேலத்துக்காரன் சில பருவங்கள் இமாசலத்தில் பனி அளந்திருக்கிறேன். இமயத்துப் பனி குறைந்துவருகிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது படமல்ல, கணக்கு.

பனியாற்றின் கீழ்ப்பகுதியில் ஆழமாகத் துளையிட்டு மூங்கில் கழிகளை இறக்குவோம். கோடை முடிந்து செப்டம்பர் இறுதியில் போய்ப் பார்த்தால், உருகிய அளவுக்குக் கழி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 2 மீட்டர் கூடுதலாகத் தெரிந்தால், பனிக்கட்டி தண்ணீரைவிட இலேசு என்பதால், நீர்க்கணக்கில் ஏறக்குறைய 1.8 மீட்டர் செலவு. வரவு பனியாற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. அங்கே குழி தோண்டி, அந்த ஆண்டு விழுந்த பனியின் ஆழத்தை அளந்தால் மட்டும் போதாது, எடையும் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த பனி 1 மீட்டர் உருகினால் 10 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் தேறும். மாதக்கணக்கில் இறுகிய பனியோ அதைப்போல் நான்கைந்து மடங்கு கனக்கும்.

பனியாற்றின் முகப்பு, அதாவது அதன் கீழ்முனை, எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். கல்லும் மண்ணும் தடிமனாக மூடிய பனியாற்றில் முகப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். உடல் மட்டும் ஆண்டுக்காண்டு மெலியும். முதல் பருவத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். பெரிய பாறை ஒன்றில் சிவப்பு வண்ணத்தால் குறியிட்டு, அதிலிருந்து முகப்புக்கு அளந்தேன். மறு ஆண்டு போனால் கணக்கு உதைத்தது. பாறைக்கு அடியிலும் பனிக்கட்டி இருந்திருக்கிறது. அது உருகி, பாறையே நகர்ந்துவிட்டது. ஓராண்டு வேலை வீண்.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். அப்பா காலத்தில் தொடங்கிய பழக்கம்; அறுபது ஆண்டுக்கும் மேலான நோட்டுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழை குறைந்துவிட்டதா என்று யாராவது கேட்டால், போன ஆண்டைக் காட்டிப் பதில் சொல்லமாட்டார், பெட்டியைத் திறப்பார்.

“உங்கள் பனிக்கு எத்தனை வருட நோட்டு இருக்கிறது தம்பி?” என்று கேட்டார். சுவிட்சர்லாந்தின் ரோன் பனியாற்றை 1874-இலேயே அளக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றேன். சுவீடனில் ஒரு பனியாற்றுக்கு 1946 முதல் ஒரு பருவம்கூட விடாமல் வரவு செலவுக் கணக்கு இருப்பதையும் சொன்னேன்.

“அதைக் கேட்கவில்லை. நம் இமயமலைக்கு?”

சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் கழி நட்டு அளக்கிறார்கள் என்றேன்.

பெரியவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். “அப்படியானால் எங்கள் நோட்டில் பாதிகூட இல்லையே!”