பவுண்டரி வாட்டர்ஸ் அனுமதிச் சீட்டு: வாசல் வரை போய்த் திரும்பாமலிருக்க

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் நிறைந்த காட்டுப் பகுதிக்குப் பவுண்டரி வாட்டர்ஸ் என்று பெயர். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே இரவு தங்க வேண்டுமானால், நாளொன்றுக்கு இத்தனை குழுக்கள்தான் என்று வரையறுக்கப்பட்ட அனுமதிச் சீட்டு தேவை. முன்பதிவு ரிக்ரியேஷன்.கவ் (Recreation.gov) என்னும் அரசு இணையதளத்தில், ஜனவரி மாதத்தின் கடைசிப் புதன்கிழமையன்று தொடங்குகிறது. பெரியவர்களுக்கு 16 டாலர், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 8 டாலர், இவற்றோடு திரும்பக் கிடைக்காத 6 டாலர் பதிவுக் கட்டணம். பின்னணி இவ்வளவு போதும்.

பலர் ஏமாறும் இடம் பணமல்ல, பெயர். குழுத் தலைவரும், முன்பதிவின்போதே மாற்றுத் தலைவர்களாகக் குறிக்கப்பட்ட அதிகபட்சம் மூவரும் மட்டுமே, புகைப்பட அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டைப் பெற முடியும். கூரைமேல் கனூ என்னும் துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு பல மணி நேரம் வண்டி ஓட்டி வந்த ஒரு குடும்பத்தை அனுமதி அலுவலகம் ஒன்றில் பார்த்தேன். பதிவு செய்த அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு வீட்டிலேயே தங்கிவிட்டார். மாற்றுத் தலைவர் கட்டத்தில் யார் பெயரும் இல்லை. மேசைக்கு அப்பால் இருந்தவர் கணினித் திரையைக் காட்டி, தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்றார். அவரை நொந்து பயனில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஆகவே மூன்று பெயர்களையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். நம் ஊர் இனிஷியல் குழப்பத்துக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள்.

சீட்டு குறித்த ஒரு நாளுக்கும் குறித்த ஒரு நுழைவிடத்துக்கும் மட்டுமே செல்லும். மூஸ் ஏரிக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு ஃபால் ஏரி வழியாக நுழைய முடியாது. வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் மறுபடி உள்ளே போகவும் முடியாது. முந்தைய நாளோ அன்றோதான் சீட்டைக் கையில் தருவார்கள் என்பதால், வழங்கும் இடம் எத்தனை மணிக்கு மூடும் என்பதைப் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குழுவுக்கு 9 பேர், 4 படகுகள் என்பதே உச்சவரம்பு. இரண்டு சீட்டு வாங்கினால் பன்னிரண்டு பேரும் சேர்ந்திருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள், கூடாது. முகாமில் மட்டுமல்ல, தண்ணீரிலும், படகைச் சுமந்து நடக்கும் பாதையிலும்கூட இரு குழுக்களும் ஒன்றாக இருந்தால் அபராதம்தான்.

உணவு, பானங்களைத் தகர டப்பாவிலோ கண்ணாடி பாட்டிலிலோ கொண்டுபோகத் தடை உண்டு. ஊறுகாயை வீட்டிலேயே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். படகுத்துறையில் நின்றுகொண்டு மாற்றுவது எண்ணெய்க் கையோடு முடியும்.

வடக்கே தொடரும் குவெட்டிகோ பூங்கா கனடாவைச் சேர்ந்தது. இந்தச் சீட்டு அங்கே செல்லாது. இந்தியக் கடவுச்சீட்டோடு எச்1பி விசாவில் இருப்பவருக்குக் கனடா விசாவும் தனியாக வேண்டும். எல்லைக் கோடு ஏரிகளின் நடுவில் ஓடுகிறது, தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.