ஜஸ்ட் டிரான்சிஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

நிலக்கரியை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறும்போது, நிலக்கரியை நம்பிப் பிழைத்தவர்களை நடுத்தெருவில் விட்டுவிடக் கூடாது. புது மின்சாரத்தின் பலனும் சில முதலாளிகள் கையோடு நின்றுவிடக் கூடாது. 'ஜஸ்ட் டிரான்சிஷன்' என்பதற்குப் பொருள் இதுதான். ஜஸ்ட் என்றதும் நமக்குச் 'சும்மா' நினைவுக்கு வரும். இங்கே அது நியாயம்.

காலநிலை மாநாடுகளில் பிறந்த சொல் என்று பலரும் நினைக்கிறார்கள். பெற்றெடுத்தது தொழிற்சங்கம். அமெரிக்காவில் எண்ணெய், ரசாயன, அணுசக்தித் தொழிலாளர் சங்கத்தில் டோனி மசோக்கி என்றொரு தலைவர் இருந்தார். சுற்றுச்சூழல் சட்டங்கள் கடுமையானால் ஆலை மூடப்படும், வேலை போகும் என்ற பயம் அவருடைய உறுப்பினர்களுக்கு. நச்சு படிந்த நிலத்தைச் சுத்தம் செய்ய அங்கே 1980லேயே 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்திருந்தது. மண்ணுக்கு நிதி உண்டு, தொழிலாளிக்குக் கிடையாதா என்று கேட்டார் மசோக்கி. வேலை இழப்பவருக்குச் சம்பளமும் படிப்புச் செலவும் தர வேண்டும் என்பது கோரிக்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த படைவீரர்களுக்கு அரசு அப்படிச் செய்திருந்தது. அவரும் அந்தப் போருக்குப் போனவர்தான். 1990களின் நடுவில் அந்தக் கோரிக்கைக்கு இப்போதைய பெயர் அமைந்தது. 2015இல் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் முகவுரையில் ஏறியது. 2021இல் இதே பெயரைச் சொல்லித் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் அறிவித்தன. அதில் பெரும்பங்கு கடன் என்பது வேறு கதை.

சரி, தமிழில்? 'நீதியான மாற்றம்' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் நீதி என்றால் கோர்ட்டு வாசனை. வேலை போனவர் "இது நியாயமா?" என்றுதான் கேட்பார். டிரான்சிஷனுக்கு லத்தீன் வேர் 'கடந்து போதல்'. 'பெயர்ச்சி' அச்சாகப் பொருந்தும், ஆனால் 'ஆற்றல் பெயர்ச்சி' என்றால் ராசிபலன் தேடுவார்கள். ஆகவே என் ஓட்டு 'நியாயமான நிலைமாற்றம்' என்பதற்கு. முன்னால் 'எரிசக்தி' சேர்ப்பதைவிட 'ஆற்றல்' நல்லது. காற்றாலையில் எதுவும் எரிவதில்லை.

இந்தச் சொல்லை நெய்வேலிக்குப் பொருத்திப் பாருங்கள். 1962இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. இப்படி ஒன்று மூடும்போது நிரந்தர ஊழியரோடு கணக்கு முடியாது. ஒப்பந்தத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், வாசல் டீக்கடைக்காரர், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் எல்லோரும் அதில் வர வேண்டும்.

அப்புறம், புதிதாக வருவது யாருடையது என்ற கேள்வியும் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. டென்மார்க்கின் 2008ஆம் ஆண்டுச் சட்டமோ, புதுக் காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை நாலரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும் என்றது.