புண்ணுக்கு எதற்கு ஆடை?

புண்மேல் வைக்க, பட்டுப் புரதத்தால் செய்த டிரெஸ்ஸிங் பற்றி ஒரு துண்டறிக்கை கைக்கு வந்தது. அதில் 'பட்டுக் காய ஆடை' என்று அச்சடித்திருந்தார்கள். தாண்டிக்குடி மலையில் காப்பிச் செடி கவாத்து செய்யும்போது கையைக் கிழித்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "பட்டுச் சேலையைக் கிழிச்சுச் சுத்தணுமா தம்பி?" என்றார். அவர் மேல் தவறே இல்லை. எழுதியிருப்பது அப்படித்தான் பொருள்படுகிறது.

'டிரெஸ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நேராக்கு, ஒழுங்குசெய் என்பதே முதல் பொருள். உடுத்துவது பின்னால் வந்தது. புண்ணைத் துடைத்து மருந்திட்டுச் சீராக்குவதால்தான் டிரெஸ்ஸிங். அகராதியில் முதலில் கண்ட 'ஆடை'யை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

'கட்டு' என்றே சொல்லலாமே என்பார்கள். "கட்டு மாத்தணும்" என்று மலையிலும் கீழேயும் எல்லோரும் சொல்கிறோம், பேச்சுக்கு அது போதும். ஆனால் கட்டு என்பது மேலே சுற்றிப் பிடித்து நிறுத்துவது, பேண்டேஜ். டிரெஸ்ஸிங் புண்ணைத் தொட்டுக் கிடப்பது. புறநானூற்றின் 353ஆம் பாட்டில் 'பஞ்சியும் களையாப் புண்ணர்' என்று வருகிறது. புண்மேல் வைத்த பஞ்சு அது, ஆடை இல்லை. பொருளைப் பொருளின் பேராலேயே சொல்லியிருக்கிறார் புலவர். மொழிபெயர்ப்பவர்களுக்கு அந்தப் பொறுமை ஏன் இல்லை?

பட்டில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். உடுமலைப் பக்கம் விளையும் பட்டுக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழையில் உள்ளே ஃபைப்ராயின் என்கிற புரதம், அதைச் சுற்றிச் செரிசின் என்கிற பசை. சோடா உப்பு நீரில் கொதிக்கவைத்தால் பசை கழன்றுவிடும். மிஞ்சும் ஃபைப்ராயினைக் கரைத்து மெல்லிய படலமாகவோ, பஞ்சுபோலவோ, கூழாகவோ ஆக்குகிறார்கள். நெசவே இல்லாத கூழை ஆடை என்பது எப்படி? கூழைக் கட்டவும் முடியாது. புண் ஈரமாக இருந்தால் விரைவில் மூடும் என்று 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் காட்டினார். அந்த ஈரத்தைக் காத்து, அழுக்கைத் தடுப்பதுதான் டிரெஸ்ஸிங்கின் வேலை.

அதனால் 'புண்காப்பு' என்பேன். பஞ்சு, படலம், கூழ் மூன்றுக்கும் பொருந்தும். பட்டில் செய்தது பட்டுப் புண்காப்பு. காப்பு என்றால் வளையல் என்று நினைக்கமாட்டார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டும்போது யாராவது வளையல் என்று குழம்புகிறார்களா? அப்புறம் அக்காவிடமும் அந்தச் சொல்லைச் சொன்னேன். "புண்ணைக் காக்குறதா?" என்றார். அதேதான் அக்கா என்றேன்.