லித்தியம் மாட்டும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

மலேசியாவின் லங்காவித் தீவில் வந்து நிற்கும் பாய்மரப் படகுகளில் வயரிங் வேலைக்கு என்னைக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் லித்தியம் பேட்டரியை வாங்கிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். பழையதைக் கழற்றி அதே கேபிளில் இதை மாட்டினால் போதும் என்று விற்றவர் சொல்லியிருப்பார்.

போதாது. லெட் ஆசிட் பேட்டரி நிரம்ப நிரம்பத் தானாகவே குறைவாக வாங்கும், அதனால்தான் சின்ன டீசல் இன்ஜினில், அது சுழற்றச் சுழற்ற மின்சாரம் தரும் 50, 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது. லித்தியம் அப்படியில்லை, கிட்டத்தட்ட நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் இழுக்கும். 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பாதி காலி என்றால் ஆல்டர்னேட்டர் இரண்டு மணி நேரம் முழு லோடில் ஓடியாக வேண்டும். அதையும் நங்கூரம் போட்டு ஐடிலில் ஓட்டினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், காற்று பத்தாது, காயில் வார்னிஷ் கருகும் வாடை கேபினுக்குள் வரும். புல்லிக்குக் கீழே கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் பெல்ட்டும் திணறுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஒரு செல்லில் வோல்டேஜ் எகிறினாலும் உள்ளே இருக்கும் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று, பேட்டரியைச் சட்டென்று துண்டித்துவிடும். பேட்டரி பிழைக்கும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் ஒரு கணம் எங்கோ ஏறி டையோடுகளை அடிக்கும், கூடவே ரேடியோவும் வழிகாட்டும் மின்னணு வரைபடமான பிளாட்டரும் போகலாம். மாட்டித் தருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: பிஎம்எஸ் துண்டித்தால் என்ன ஆகும்? பதில் தெரியாதவர் கையில் ஸ்பானரைக் கொடுக்காதீர்கள்.

நான் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரை இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் லெட் ஆசிட் பேட்டரியோடே விட்டுவிட்டு, அங்கிருந்து, 30 ஆம்பியருக்கு மேல் இழுக்க விடாத டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்குக் கொடுப்பேன். மெதுவாகத்தான் ஏறும், சோலார் இருந்தால் அது ஒரு குறையே இல்லை. வேகம் வேண்டுமென்றால் பெரிய ஆல்டர்னேட்டர், அதற்கேற்ற பெல்ட், சூடேறினால் ஆல்டர்னேட்டரின் வேலையைக் குறைக்கும், வெப்ப சென்சாரோடு கூடிய வெளி ரெகுலேட்டர் என்று மூன்றுக்கும் சேர்த்துச் செலவு பண்ண வேண்டும்.

அப்புறம் ஃபியூஸ். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்பார்கள். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே ஆர்க் அணையாமல் போகலாம், அதனால் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ்தான் போட வேண்டும். பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி சொல்லும் பொது விதி.

எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஒவ்வொரு லக்கிலும் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் தனியாகச் சூடேறினால் அதைக் கேபிளோடு நசுக்கிப் பிடித்த கிரிம்ப் சரியில்லை, இன்ஜினை நிறுத்திவிட்டு அதை வெட்டி மறுபடி போடுங்கள்.