கடலில்லா நாட்டின் உப்புக் கிணறு

1835ஆம் ஆண்டு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஸிகோங் என்ற ஊர். பன்னிரண்டு ஆண்டுகளாக இடித்து இடித்து இறக்கிக்கொண்டிருந்த ஒரு துளையில் உவர்நீரும் எரிவாயுவும் சேர்ந்து கிடைத்தன. அப்போது அதன் ஆழம் 1,001 மீட்டர். உலகில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் கிணறு இந்த ஷென்ஹாய் கிணறுதான். நவீன எண்ணெய்த் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டதாகச் சொல்லப்படும் எட்வின் டிரேக்கின் கிணறு அமெரிக்காவில் 1859இல் வந்தது. ஆழம் 21 மீட்டர். டிரேக்கிடம் நீராவி எஞ்சின் இருந்தது. ஸிகோங்காரர்களிடம் மூங்கில், மரம், சணல், மாட்டுத்தோல், இரும்பு முனை, ஆட்களின் கால்பலம், இவ்வளவுதான்.

ஆயிரத்தொரு மீட்டரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சராசரி ஒரு சாண். இத்தனை மெதுவான வேலைக்கு இயந்திரத்தைவிட முக்கியமாக வேண்டியிருந்தது காத்திருக்கும் காசு. ஸிகோங்கின் உண்மையான சாமர்த்தியம் துளைபோட்ட விதத்தில் பாதி என்றால், கணக்கு வைத்த விதத்தில் மீதி. இரண்டையும் பார்க்க வேண்டும். அதற்கு முன் நிலத்தைப் பார்த்துவிடலாம்.

சிச்சுவான் எட்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாகாணம். கிழக்குப் பாதி ஒரு வடிநிலம். வடக்கே சின்லிங், தாபா மலைகள். மேற்கே திபெத் பீடபூமியின் விளிம்பு, அங்கே 7,500 மீட்டர் தாண்டும் சிகரமும் உண்டு. தெற்கே யுன்னான்–குய்சோ மேட்டுநிலம். கிழக்கே யாங்சி ஆறு குறுகிய பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. மண் சிவப்பு, மழைக்குக் குறைவில்லை, நெல் நன்றாக விளைகிறது. இல்லாதது கடல். கடலுப்பு இங்கே வந்துசேர நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலையேறி வர வேண்டும், அல்லது ஆற்றை எதிர்த்துப் படகைக் கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். வந்துசேரும்போது விலை எங்கே நிற்கும்?

ஆனால் கடல் இங்கே இருந்தது, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ட்ரையாசிக் காலத்தில் இன்றைய சிச்சுவான் ஆழமில்லாத ஒரு வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்தது. அந்தக் கடல் பல தடவை வெளித்தொடர்பு அறுந்து வற்றியது. வற்றும்போதெல்லாம் ஜிப்சமும் உப்பும் படுகையாகப் படிந்தன. பிறகு நிலம் உயர்ந்து கடல் பின்வாங்கியது. ஆறுகளும் ஏரிகளும் கொண்டுவந்த மணலும் சேறும் மேலே மூடி இறுகின. சிச்சுவானின் பிரசித்தி பெற்ற செந்நிறப் பாறைகள் அந்த மூடிதான். (ஸிகோங்கின் தாஷான்பு பகுதியில் டைனோசர் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்ததும் இந்த அடுக்குகளில்தான், 1987இல் அங்கே ஒரு டைனோசர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.)

பின்னால் வந்த மலையாக்க அழுத்தத்தில் இந்தப் பாறையடுக்குகள் மடிந்தன. ஸிகோங்குக்குக் கீழே அடுக்குகள் வில்போல மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. புவியியலாளர்கள் இதை மேல்மடிப்பு என்பார்கள். லேசான எரிவாயு மேலேறி வளைவின் உச்சியில் சிக்கிக்கொள்கிறது. மேலே இறுகிய களிப்பாறை தப்பவிடாமல் தடுக்கிறது. அதே இடுக்குகளில் உவர்நீரும் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல் அடுக்கின் மணற்பாறையில் கிடைப்பதை ஊரார் மஞ்சள் உவர்நீர் என்றார்கள், ஆழத்தில் சுண்ணாம்புப் பாறையில் கிடைப்பதைக் கறுப்பு உவர்நீர் என்றார்கள். கறுப்பில் உப்பு அதிகம், கடல்நீரைப் போலப் பல மடங்கு. ஆகவே ஆழம் போகப் போக லாபம், செலவும் அப்படியே.

உப்புக் கிணறு வெட்டிய முதல் ஆளாகச் சொல்லப்படுபவர் லீ பிங். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சின் அரசின் சார்பில் இங்கே ஆளுநராக இருந்தவர். செங்டு சமவெளிக்குத் தண்ணீர் தரும் துஜியாங்யான் பாசன அமைப்பைக் கட்டியவரும் அவரே. அந்தக் காலத்து உப்புக் கிணறு நம்ம ஊர்க் கிணறு மாதிரி அகலமாக, ஆட்கள் இறங்கி வெட்டியது. இதில் இரண்டு தொல்லைகள். வெட்டும் ஆளை அடியில் தேங்கும் வாயு கொல்லும். அகன்ற வாய்ச் சுவரெங்கும் நல்ல தண்ணீர் கசிந்து உவர்நீரை நீர்க்கச் செய்துவிடும், அப்புறம் அதைக் காய்ச்ச இரண்டு பங்கு விறகு.

திருப்பம் சோங் அரசமரபு காலத்தில், 1040களில் வந்தது. ஆள் இறங்குவதையே நிறுத்திவிட்டு, கிண்ணத்தின் வாயளவுக்குச் சின்னத் துளையை மேலே நின்றபடியே போட ஆரம்பித்தார்கள். கணு நீக்கிய பெரிய மூங்கில்களை ஒன்றோடொன்று பொருத்தித் துளைக்குள் இறக்கினால் நல்ல தண்ணீர் உள்ளே வராது. இன்று போர்வெல் போடும்போது இறக்கும் கேசிங் பைப்பின் வேலை இதுதான். இந்த முறையை எழுதிவைத்தவர் யார் என்று பார்த்தால், சீனத்தின் மாபெரும் கவிஞர்களில் ஒருவரான சூ ஷி. சிச்சுவானில் மெய்ஷான் ஊர்க்காரர். அவருடைய உறவினர் வென் டோங் மூங்கில் ஓவியத்துக்கே பேர்போனவர். இதே பகுதியில் அதிகாரியாக இருந்தார். அவர் கவலை வேறு. இந்த மூங்கில் கிணறுகளில் கூலிக்கு வருபவர்கள் ஊர் பேர் மாற்றிக்கொண்டு ஓடிவந்தவர்கள், முதலாளியோடு ஒத்துவராவிட்டால் கும்பலாகக் கலாட்டா செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். மூங்கிலை அழகாக வரைந்தவருக்கு மூங்கிலால் வந்த தலைவலி.

இனி, துளை எப்படி இறங்குகிறது என்பது. ஒரு நீளமான மரப்பலகை, நடுவில் தாங்கு. பலகையின் ஒரு முனையிலிருந்து துளைக்குள் இரும்பு முனை தொங்குகிறது. மறு முனையில் ஆட்கள் ஏறிக் குதித்து நிற்க, இரும்பு மேலே எழும்பும். அவர்கள் சட்டென்று இறங்கிவிட, இரும்பு தன் எடையோடு விழுந்து பாறையை நொறுக்கும். ஆளுயரத்துக்கு மேல் நீளம், நூறு கிலோ தாண்டும் எடை. கீழ்முனை மீன்வால் போல, அல்லது வெள்ளிக்கட்டி போல அடித்துத் தீட்டியிருக்கும். வாயருகே நிற்கும் ஒருவர் ஒவ்வொரு அடிக்கும் கயிற்றைக் கொஞ்சம் திருகிவிடுவார். திருகாவிட்டால் இரும்பு ஒரே கோட்டில் விழுந்து துளை வட்டமாக வராது.

கயிறு என்றேன். அது மூங்கிலைப் பிளந்த பட்டை, நுனியோடு நுனி சேர்த்துச் சணலால் கட்டியது. ஏன் சணல் கயிறே போடவில்லை? பலகை உயரும் தூரம் மிகக் குறைவு. பல நூறு மீட்டர் சணல் கயிறு தொங்கினால் அது நீண்டு கொடுத்தே அந்தத் தூரத்தைத் தின்றுவிடும், கீழே இரும்பு அசையக்கூட அசையாது. மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருக்கமாகவும் நேராகவும் ஓடுவதால் அது இழுவையில் அதிகம் நீள்வதில்லை. ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு அடியைக் கடத்தியது இந்த ஒரு குணம்தான் என்று நான் சொல்வேன்.

நொறுங்கிய கல்லை வெளியே எடுக்க வேண்டுமே. துளையில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, அடியில் தோல் மூடி வைத்த மூங்கில் குழாயை இறக்குவார்கள். இறங்கும்போது சேறு தோலைத் தள்ளித் திறந்து உள்ளே நுழையும். தூக்கும்போது சேற்றின் எடையே தோலை அழுத்தி மூடிவிடும். வயல் மோட்டாருக்குக் கீழே மாட்டும் ஃபுட் வால்வும் இதே சங்கதிதான். உவர்நீர் கிடைத்த பிறகு அதை மொண்டதும் இதே வகைக் குழாயால்தான். சூ ஷியின் குறிப்பிலேயே இந்தத் தோல் மூடி வந்துவிடுகிறது.

இரும்பு பாறையிடுக்கில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அதற்காக முனைக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நகரும் ஓர் இணைப்பை வைத்தார்கள். மாட்டியவுடன் கயிற்றைத் தளர்த்தி வெடுக்கென்று இழுத்தால், இணைப்பின் மேல்பாதி தடுப்பில் மோதிக் கீழிருந்து மேலாக ஓர் அடி விழும், இரும்பு விடுபடும். எண்ணெய்க் கிணறுகளில் இன்றும் இந்தக் கருவி இருக்கிறது. கயிறே அறுந்து இரும்பு அடியில் விழுந்துவிட்டால்? கொக்கி, கவ்வி, முள் என்று விதவிதமான தூண்டில் கருவிகள். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், கயிற்றில் கைக்கு வரும் அதிர்வை மட்டும் வைத்து மீட்டெடுக்கும் இந்தக் கைவேலைக்கு ஸிகோங்கில் தனி நிபுணர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கருவிகளை அங்குள்ள உப்புத்தொழில் வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். துளையிடும் பகுதியைவிட இந்தத் தூண்டில் வரிசைதான் எனக்கு ஆச்சரியம்.

மொண்டெடுப்பது இன்னொரு உலகம். குழாய் நீளமாக இருந்தால் ஒரு தடவைக்கு அதிக நீர் வரும். நீளமான குழாயை வெளியே எடுக்க உயரமான சாரம் வேண்டும். ஃபிர் மரங்களை மூங்கில் கயிற்றால் பிணைத்து, ஆணியில்லாமல் எழுப்பிய இந்தச் சாரங்களை ‘வானத்து வண்டி’ என்றார்கள். மிக உயரமானது 113 மீட்டர். கயிற்றைச் சுற்றும் பெரிய உருளையை எருமைகள் சுற்றி நடந்து இழுத்தன. ஊரில் எருமைகள் ஆயிரக்கணக்கில். உழைத்து ஓய்ந்த மாடுகளின் இறைச்சி மலிவாகக் கிடைத்ததால்தான் மிளகாய் நீரில் வேகவைத்த மாட்டிறைச்சி என்ற சிச்சுவான் உணவு இந்த ஊரில் பிறந்தது என்று ஸிகோங்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள்.

எரிவாயுவை வீணாக்கவில்லை. கிணற்று வாயில் மரத்தொட்டியைக் கவிழ்த்தது போன்ற அறையைப் பூமியில் பதித்து, அதில் சேரும் வாயுவைக் காற்றோடு அளவாகக் கலந்து மூங்கில் குழாய்களில் அடுப்புக்கு அனுப்பினார்கள். உவர்நீரும் இதே போல மூங்கில் குழாய்களில், மேடு பள்ளம் தாண்டிப் பல கிலோமீட்டர் போனது. பொருத்துகளில் சணல் சுற்றி, டங் மர விதையின் எண்ணெயும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருப்பார்கள். ஷென்ஹாய் கிணறு ஆரம்பத்தில் நாளுக்கு 8,500 கன மீட்டர் வாயுவும் 14 கன மீட்டர் கறுப்பு உவர்நீரும் தந்தது. காய்ச்ச வேண்டிய பொருளும் காய்ச்சும் எரிபொருளும் ஒரே துளையிலிருந்து! விறகுக்காகக் காடுகளை மொட்டையடித்த மற்ற உப்பு ஊர்களால் இதோடு போட்டிபோட முடியவில்லை.

காய்ச்சும் இடத்தில் ஒரு வேதியியல் வேலை நடக்கிறது. இரும்புச் சட்டியில் உவர்நீர் கொதிக்கும்போது சோயாப் பாலை ஊற்றுவார்கள். உவர்நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோயாவின் புரதத்தைத் திரளச் செய்கின்றன. டோஃபு உறைவதும் இப்படித்தான். திரளும் புரதம் கலங்கலையும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு அழுக்கு நுரையாக மேலே மிதக்கும். வழித்து எறிந்துவிட்டால் அடியில் தெளிந்த நீர். பிறகு உப்புப் பரல் விதையைத் தூவிப் படிகமாக்கி, கடைசியில் தெளிந்த செறிவான உப்புநீராலேயே கழுவுவார்கள். வெறும் தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்துபோகுமே.

எல்லா நஞ்சையும் சோயா பிடிக்காது. மேற்கே லெஷான் பக்கத்தில் மஞ்சள் உவர்நீரில் பேரியம் இருந்தது. அந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குக் கைகால் திடீரென்று செயலிழந்தது. 1940களில்தான் சீன மருத்துவர்கள் காரணம் பேரியம் என்று பிடித்தார்கள்.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் வந்தேறிகளின் பிள்ளைகள். 1640களின் போர்களிலும் பஞ்சத்திலும் சிச்சுவான் கிட்டத்தட்டக் காலியாயிற்று. அடுத்து வந்த சிங் அரசு வரிச்சலுகை கொடுத்து ஆட்களை வரவழைத்தது. ஹூபெய், ஹூனான், குவாங்டோங், ஜியாங்ஷி எனப் பல பக்கமிருந்தும் வந்தார்கள்; இன்றும் ஏராளமான குடும்பங்கள் தங்கள் பூர்வீகம் ஹூபெயின் மாசெங் என்று சொல்லும். பணம் வடக்கே ஷான்ஷி வணிகர்களிடமிருந்து வந்தது. அவர்கள் 1736இல் தொடங்கிக் கட்டிய ஆடம்பரமான சங்க மண்டபத்தில்தான் இப்போது அந்த உப்புத்தொழில் அருங்காட்சியகம் இயங்குகிறது. 1853இல் சிங் அரசை எதிர்த்த தாய்பிங் கிளர்ச்சியாளர்கள் நான்ஜிங்கைப் பிடித்தபோது, ஹூபெய், ஹூனானுக்குக் கிழக்கிலிருந்து வந்த கடலுப்பு நின்றது. அந்தச் சந்தை ஸிகோங்குக்குத் திறந்தது. ஜப்பான் சீனக் கடற்கரையைப் பிடித்த 1938இல் அதே கதை மறுபடியும்.

பணத்தைக் கட்டிப்போட்டது எது? பங்குப் பத்திரம். ஸிகோங்கில் ஒரு கிணற்றை 30 பங்காகப் பிரித்தார்கள், மாதத்துக்கு 30 நாள் என்ற கணக்கில். ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு மாதத்தில் ஒரு நாள் விளைச்சல். நிலம் கொடுத்தவருக்குச் சில நாட்கள், பணம் போட்டவர்களுக்குப் பெரும்பகுதி, ஆளைச் சேர்த்து நிர்வாகம் பண்ணியவருக்கு உழைப்புக்காகச் சில நாட்கள். உவர்நீர் காணும்வரை நில உரிமையாளர் ஒரு காசு போட வேண்டாம். ‘நாட்களை’ விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்தும் கொடுக்கலாம்.

பாதியில் கைக்காசு தீர்ந்தவர்களுக்கும் வழி இருந்தது. எழுநூறு மீட்டரில் பணம் தீர்ந்தால், முதலில் போட்டவர்கள் ‘மேல் பகுதி’ ஆவார்கள். புதிதாக வருகிறவர்கள் ‘கீழ் பகுதி’. கீழ் பகுதிக்காரர்கள் மிச்ச ஆழத்தின் செலவை ஏற்பார்கள், விளைச்சலில் ஒரு பங்கு மேல் பகுதிக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவர்களுக்கும் காசு தீர்ந்தால் அவர்களே அடுத்தவருக்கு மேல் பகுதி. போட்ட பணத்தைக் குழியில் தள்ளியவராக யாரும் வெளியேற வேண்டியதில்லை. அதனால்தான் அடுத்த கிணற்றிலும் பணம் போட ஆள் இருந்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் ஆயிரக்கணக்கில் ஸிகோங் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எந்த ஆழத்தில் யார் கையைவிட்டார், யார் வாங்கினார் என்பதுவரை அவற்றில் படிக்கலாம்.