மலை ராசியில்லையா, மச்சான் பலசாலியா? எக்செல் சொல்லும் கேரம் கணக்கு

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பட்டறை மூடியதும் தினமும் கேரம் ஆடுவோம். முடிவுகளை எக்செல்லில் எழுதி வைக்கிறேன். இங்கே பத்துக்கு ஏழு ஆட்டம் ஜெயிக்கிறேன். ஏற்காட்டில் மச்சான் இருக்கும் எஸ்டேட்டுக்குப் போனால் பத்துக்கு மூன்றுதான் தேறுகிறது. மலை எனக்கு ராசியில்லை என்கிறார் மச்சான். சார்ட்டும் அப்படித்தான் காட்டுகிறது. உண்மையா?"

சார்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஷீட்டில் ஒரு நெடுவரிசை குறைகிறது: எதிரே உட்கார்ந்தவர் எவ்வளவு கெட்டிக்காரர்? நேற்று ஸ்ட்ரைக்கர் பிடித்த பையனை ஜெயித்தாலும் 1, மாவட்டப் போட்டியில் ஆடியவரை ஜெயித்தாலும் 1. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை உயர்த்த எளிய வழி, நம்மைவிடச் சுமாராக ஆடுபவர்களோடு மட்டும் ஆடுவதுதான்.

செஸ்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஆர்பட் எலோ ஹங்கேரியில் பிறந்தவர், அமெரிக்காவின் மில்வாக்கியில் மார்க்வெட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர், நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட. ஆட்டக்காரரின் பலத்தை ஓர் எண்ணால் சொல்லும் அவருடைய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலக அமைப்பான ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன. ஆனந்த், குகேஷ் பெயர்களுக்குப் பக்கத்தில் 2700, 2800 என்று பார்க்கிறோமே, அது இந்த எலோ ரேட்டிங்தான். கேரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

கணக்கு ஒரே வரி. எதிராளியின் ரேட்டிங்கிலிருந்து உங்கள் ரேட்டிங்கைக் கழித்து 400-ஆல் வகுங்கள். வந்த விடையை 10-க்கு அடுக்காகப் போடுங்கள். அதோடு 1-ஐக் கூட்டி, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். கிடைப்பது, நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று எதிர்பார்க்கக்கூடிய பங்கு. இருவரும் சமம் என்றால் 0.5. நீங்கள் 200 புள்ளி மேலே என்றால் 0.76. 400 மேலே என்றால் 0.91.

இந்த 10-ம் 400-ம் எங்கிருந்து வந்தன? இந்த இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு தோல்விக்கு எத்தனை வெற்றி என்று பாருங்கள். 400 புள்ளி வித்தியாசம் என்றால் ஒரு தோல்விக்குப் பத்து வெற்றி. அதில் பாதியான 200 என்றால் ஐந்து வெற்றி என்று தோன்றும். ஆனால் விடை 10-ன் வர்க்கமூலம், சுமார் 3.16. முருகன் செல்வத்தைவிட 200 மேலே, செல்வம் பாபுவைவிட 200 மேலே என்று வையுங்கள். முருகனுக்கும் பாபுவுக்கும் நடுவே 400 வித்தியாசம். 3.16-ஐ 3.16-ஆல் பெருக்கினால் 10. ரேட்டிங்கில் கூட்டல் நடக்கும்போது வெற்றி விகிதத்தில் பெருக்கல் நடக்கிறது. பள்ளியில் படித்த மடக்கை இங்கே கேரம் போர்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முருகனும் பாபுவும் ஒருமுறைகூட எதிரெதிரே ஆடியிருக்க வேண்டாம், செல்வத்தின் வழியாகவே அவர்கள் ஆட்டம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். இது ஒரு அனுமானம்தான், எப்போதும் அச்சாகப் பலிக்காது. ஆனாலும் என்ன அழகான அனுமானம்!

அடுத்தது திருத்தம். ஆட்டம் முடிந்ததும் நடந்ததிலிருந்து (வெற்றி 1, தோல்வி 0) எதிர்பார்த்ததைக் கழித்து, ஒரு எண்ணால் பெருக்கி, பழைய ரேட்டிங்கோடு கூட்ட வேண்டும். அந்த எண்ணைக் 'கே' என்பார்கள். ஃபிடே புதியவர்களுக்கு 40, பெரும்பாலானவர்களுக்கு 20, 2400-ஐத் தொட்டவர்களுக்கு 10 வைத்திருக்கிறது. நாம் 20 என்றே வைத்துக்கொள்வோம். உங்களைவிட 200 மேலே உள்ளவரை ஜெயித்தால் 15 புள்ளி கூடும், தோற்றால் 5 மட்டும் போகும். சுமாரானவரிடம் ஆடினால் இது தலைகீழ். ஒருவருக்குக் கூடுவது மற்றவரிடம் குறைவது, குழுவின் மொத்தம் மாறாது.

இதில் ஆரம்ப மதிப்பு தப்பாக இருந்தாலும் கெடுதல் இல்லை. எல்லோருக்கும் 1500 என்று தொடங்குகிறோம். உங்கள் உண்மையான பலம் 1600 என்றால், 1500 பலம் உள்ளவர்களோடு ஆடும்போது ஃபார்முலா பாதி வெற்றியை எதிர்பார்க்கும், நீங்கள் 64 சதவீதம் ஜெயிப்பீர்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 2.8 புள்ளி ஏறும். ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறுவதால் லாபம் சுருங்கும், 1600-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். கீழே குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் தண்ணீர் மட்டம் சமமாவது போலத்தான்: வித்தியாசமே ஓட்டத்தை உண்டாக்குகிறது, ஓட்டமே வித்தியாசத்தைத் தீர்க்கிறது.

ஷீட்டில் போடுவது சுலபம். ஒரு வரிக்கு ஒரு ஆட்டம்: தேதி, இடம், ஜெயித்தவர், தோற்றவர். அப்புறம் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நெடுவரிசை. அதில் ஒரு 'இஃப்' ஃபார்முலா: இந்த ஆட்டத்தில் இவர் இல்லையென்றால் மேல் செல்லில் உள்ள ரேட்டிங் அப்படியே இறங்கும், இருந்தால் திருத்தத்தோடு இறங்கும். கே-யைத் தனி செல்லில் வைத்து, ஃபார்முலாவில் டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் கீழே இழுக்கும்போது அதுவும் சேர்ந்து நகர்ந்துவிடும். லைன் சார்ட் போதும், நிமிர்நிலை அச்சை 1200-ல் தொடங்குங்கள். முப்பரிமாணத் தூண்கள் வேண்டவே வேண்டாம், கல்யாண பேனர் போலத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. பட்டறை நண்பர்கள் உங்களைவிட 150 கீழே, எஸ்டேட்காரர்கள் 150 மேலே என்று வையுங்கள். ஃபார்முலா முதலாவதற்கு 0.7, இரண்டாவதற்கு 0.3 என்கிறது. பத்துக்கு ஏழு, பத்துக்கு மூன்று! ஒரே ஆட்டக்காரர், ஒரே திறமை. ராசிக்கு வேலையே இல்லை.

அவசரப்பட்டு மச்சானுக்கு போன் போடாதீர்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு குழுவுக்கும் நடுவே பாலமாக இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். எஸ்டேட்காரர்கள் பலசாலிகளா, மலையில் உங்கள் ஆட்டம் விழுகிறதா என்று இந்த ஷீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே எண்கள்தான் வரும். விழவும் காரணம் உண்டு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். மூடுபனி இறங்கும் நாளில் போரிக் பவுடர் ஈரத்தை வாங்கிக் கட்டி தட்டும், பலகையும் ஈரம் குடிக்கும், காயின் ஓட்டம் மந்தமாகும். அந்தப் பலகையில் தினம் ஆடுபவர் கை அதற்குப் பழகியிருக்கும், உங்கள் கை பழகியிருக்காது.

ராசிக்காகவும் தனி நெடுவரிசை போடலாம், தப்பில்லை. நீலச் சட்டை, வடக்குப் பார்த்த இருக்கை, ராகு காலம் என்று எதை வேண்டுமானாலும் எழுதி, 'கவுண்ட்இஃப்ஸ்' கொண்டு எண்ணிப் பாருங்கள். ஆனால் இருபது ராசிகளைச் சோதித்தால், இருபதில் ஒரு முறை தற்செயலாக நடக்கக்கூடிய விசித்திரம் ஏதாவது ஒன்றில் தட்டுப்படவே வாய்ப்பு அதிகம். அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற பத்தொன்பதை மறப்பதில்தான் சோதிடத் தொழிலே நடக்கிறது. பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் திட்டவிலக்கம் சொல்லித் தருகிறோம். யாரோ கொடுத்த எண்களை வைத்துக் கையால் போட வைத்து மதிப்பெண் தருகிறோம். பிள்ளைகள் விளையாடிய முடிவுகளையே கணினி அறையில் ஷீட்டில் போடச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

உங்களுக்கும் திட்டவிலக்கம்தான் தேவை. சமபலமான ஆட்டங்களில் வெற்றி எண்ணிக்கை தற்செயலாகவே ஏறி இறங்கும் அளவு, ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி. 16 ஆட்டத்தில் 2 வெற்றி முன்னே பின்னே இருப்பது சகஜம், 4 வித்தியாசம் வந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆக, செய்ய வேண்டியது: நீங்கள் மலை ஏறுவதை விட்டுவிட்டு, எஸ்டேட்காரர்களை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, உங்கள் பட்டறைப் பலகையில் 40 ஆட்டம் ஆட வையுங்கள். நீங்கள் 12-ஐ ஒட்டி (அதே பத்துக்கு மூன்று) ஜெயித்தால் அவர்கள் நிஜமாகவே பலசாலிகள். 20-ஐ ஒட்டி ஜெயித்தால் மலைதான் காரணம், அதாவது ஈரப் பலகை. 16-ல் வந்து நின்றால் இன்னும் ஆட வேண்டியதுதான். ஒரே ராத்திரியில் முடிகிற காரியமில்லை, மச்சானை ஒரு வாரமாவது தங்க வைக்க வேண்டும். தட்டுவடை செட்டுச் செலவு உங்களுடையது.